சான்றிட்ட நகல்

வழக்கு எண் கேட்டாள் கவுன்டரில் இருந்த பெண்.
எனக்கு நினைவில்லை.
ஈசூன் புளோக் எண் தெரியும்,
பதினோராம் மாடியில்
துணிக்கம்பு சிக்கிக்கொள்ளும் மூன்றாவது துளை தெரியும்,
அவருடைய அடையாள அட்டையின்
கடைசி எழுத்துகூட.

"பரவாயில்லை, பெயரை வைத்துத் தேடலாம்."

திரையில் இன்னும்
ஒரே வரியில்தான் இருக்கிறோம்:
கமலவேணி எதிர் இளஞ்சேரன்.
நடுவில் அந்த 'எதிர்'.
ஒன்பது வருடம் அப்படித்தானே
உட்கார்ந்து சாப்பிட்டோம்,
மீன் முள்ளை ஒரே தட்டில் ஒதுக்கி.

வீவகவுக்கு இந்தத் தாள் வேண்டுமாம்,
இரண்டறை வீட்டுக்கு,
நான் தனியாள்தான் என்பதற்கு.

நான்காம் பத்தி:
பிரிந்து வாழத் தொடங்கிய நாள், மார்ச் ஒன்பது.
சரிதான்.
ஆனால் அன்றிரவு பத்தரைக்குக்
குடையை மறந்துவிட்டேன் என்று வந்தார்.
தலையெல்லாம் ஈரம்.
தேத்தண்ணீர் போட்டேன்,
சீனி போதுமா என்று கேட்டேன்.
போதும் என்றார்.
குடையை மறுபடி விட்டுவிட்டுப் போனார்.

இதை எந்த வழக்கறிஞரிடமும் நான் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
தாள்களை இருமுறை புரட்டிப் பார்த்தேன்.

"எத்தனை நகல்?"

ஒன்று போதும் என்றேன்.
அவள் முத்திரையை எடுத்ததும்,
இல்லை,
இரண்டு.