ஓரத்தில் பென்சிலில்

பள்ளிக்கூடத்துச் சாவி கிடைக்கவில்லை.
அதனால் எங்கள் பகுதி சபா
நாச்சிமுத்துவின் காஜா பட்டன் செட்டில் கூடியது.
மிஷின்களைச் சுவரோரம் தள்ளி
நூல் கோன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு
ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கு.
கரண்ட் பத்தரைக்கே போயிருந்தது.

கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
நோட்டை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.
பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற கை இது.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது
என்று தவிர
வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை.

வருகை: நாற்பத்தியொன்று.
வாசல் வரை வந்து
செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்து
டீக்கடைக்குத் திரும்பியவர்களுக்குக்
கட்டம் இல்லை நோட்டில்.

ஒன்பது நாளைக்கொரு தரம் நல்ல தண்ணி.
அதுவும் நடுச்சாமம் இரண்டு மணிக்கு.
சம்சாத் எழுந்தாள்:
"நைட் ஷிப்ட்டுக்குப் போனா தண்ணியில்லைங்க,
தண்ணி புடிச்சா சம்பளமில்லைங்க.
எதை விடறதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."
சாயங்காலம் விடச் சொன்னார்கள் பள்ளத்தார்.
சாயங்காலம் விட்டால் மேட்டுக்கு ஏறாது
என்று மேட்டார்கள்.
முப்பத்தைந்து வருஷமாய் ஒரே ரேஷன் கடையில் நின்றவர்கள்
அன்றைக்குத்தான்
தெருவுக்குச் சாய்வு இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் போல
கத்தினார்கள்.

கவுன்சிலர் அம்மா வால்வுக்காரரைப் பார்த்தார்.
குப்பண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.
"சாவி என்ற கையிலதானுங்க இருக்குது.
நேரம் மேலிருந்து வருதுங்க."
மேலே என்றால் எது?
எல்லாரும் உதவிப் பொறியாளரைப் பார்த்தோம்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
அது ஓடவில்லை.

தீர்மானம் மூன்று:
குடிநீர் விநியோக நேரத்தை மாற்றியமைக்க
மாநகராட்சியைக் கேட்டுக்கொள்வதென
ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.
ஒருமனதாக என்று எழுதும்போது
பேனா கொஞ்சம் திக்கியது.
முக்கால் மணி நேரச் சண்டைக்கு
அந்த ஒரே வார்த்தைதான் இடமாம்.

முடியும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.
லைன் வீட்டுத் திபாகர்.
டையிங்கில் வேலை, நகக்கண்ணெல்லாம் நீலம்.
"பன்னெண்டு ரூம் அக்கா. ஒரு பைப்."
ஓட்டு எங்கே என்று கேட்டார் பொறியாளர்.
பாலேஸ்வர், என்றான்.
வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால்தான்
சபையில் பேச்சு,
விதி அப்படி,
என்று வருத்தமாகத்தான் சொன்னார்.
திபாகர் தலையாட்டிவிட்டு
யாரும் சொல்லாமலே
பெட்டிகளை அடுக்கத் தொடங்கினான்.

நான் பேனாவை மூடிவிட்டு
ஓரத்தில் பென்சிலில் எழுதினேன்:
12 ரூம். 1 பைப்.

மூன்று மாதம் கழித்து அடுத்த கூட்டம்.
இப்போது பள்ளிக்கூடத்திலேயே, சாவி கிடைத்திருந்தது.
தண்ணி இரண்டு மணிக்கு வருவதில்லை.
பதினொன்றரைக்கு வருகிறது.
இதை வெற்றியென்று கைதட்டுவதா
என்று தெரியாமல்
பாதிப்பேர் தட்டினார்கள்.
சம்சாத் தட்டவில்லை, வரவேயில்லை,
பகல் ஷிப்ட்டுக்கு மாறியும்
ஞாயிறு ஓவர்டைம்.

சென்ற கூட்டத்துக் குறிப்பைப் படித்தேன்.
மை முடிந்த இடத்தில் நிறுத்தினேன்.
"ஓரத்துல என்னமோ இருக்குதே,
அதையும் படி சாமி"
என்றார் குப்பண்ணன்.
படித்தேன்.
பொறியாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நோட்டை வாங்கினார்.
"இது தீர்மானமா, என்ன இது?"

பழுது இருக்கிற பனியனை
நாங்கள் கிழித்து எறிவதில்லைங்க.
பழுது இருக்கிற இடத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
அடுத்த டேபிளுக்குத் தள்ளுவோம்,
என்றேன்.

பர்ஸில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.
ஒன்றை உரித்து ஒட்டினேன்,
அம்பு முனை அந்தப் பன்னிரண்டைத் தொடும்படி.
அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
நல்ல பசை.