ஆறாவது வரி

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடையில்
ஒரு தாளை நீட்டுகிறான் கிளீற்றஸ்.
"கடியப்பட்டணத்துல பாராட்டு விழா, எக்கா.
டைப் அடிச்சு இருநூறு காப்பி,
மேடைக்கு ஒண்ணு லேமினேஷன்.
கையெழுத்து கொஞ்சம் கோணல், பாத்துக்கிடுங்க."

தலைப்பு:
ஜெனிற்றாவின் தலைசிறந்த ஐந்து வெற்றிகள்.

ஒன்று, அஸ்தானா.
வெளிநாடு என்பதால் ஒன்று.
மூன்று சுற்றும் பின்வாங்கியே ஜெயித்தாள்.
ஊரில் அதைப் பயம் என்பார்கள்.
பின்னங்காலில் நின்று ஒருத்தியைக் களைக்கவைப்பது
எத்தனை கஞ்சத்தனமான அழகு என்று
களைத்தவளுக்குத் தெரியும்.
சரி, ஒன்றாகவே இருக்கட்டும்.

இரண்டு, கவுகாத்தி. நாற்பது வினாடியில் நாக்கவுட்.
கடை சாத்திய பிறகு பலமுறை பார்த்த வீடியோ.
அரியானாக்காரி முந்தின நாளே தோள் கழன்றவள்.
இடது கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு
கயிற்றுக்குள் குனிந்து நுழைந்தாள்.
விழுந்தது உண்மை.
விழவைத்தது பாதி.

மூன்று, பட்டியாலா.
பெருவிரல் ஒடிந்தபின் ஒரு சுற்று முழுக்க
அதே கையால் அடித்தது.
இதில் எனக்குப் பேச்சில்லை.

நான்கில் எதிர்மூலை துண்டை வீசியது.

ஐந்தில் எதிராளி வரவே இல்லை.
"பஸ் பிரேக்டவுனு. ஆனா அதுலதானே முதல் தங்கம்,
சாமியார் கண்டிப்பா சேக்கணும்னு சொல்லிட்டாரு."
வராதவளை வென்றதற்கும் ஒரு வரி.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு படிக்கல்:
எதிரே நின்றவள்
அன்று முழுசாக இருந்தாளா?

ஆடி மாதம். நாகர்கோவில்.
ஆரல்வாய்மொழிக் காற்று
தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
காலி பாட்டிலில் எச்சில் துப்பித் துப்பி
ஐம்பத்தொன்றுக்கு இறங்கி
எடை முடிந்ததும் ஏழு மட்டிப்பழம் தின்று
நன்றாக உறங்கி எழுந்திருந்தேன்.
காயம் இல்லை. காய்ச்சல் இல்லை.
தீட்டுகூட இரண்டு நாள் தள்ளி நின்று
வழிவிட்டது.
ஜெயிப்பவளுக்கு ரயில்வே வேலை என்று
இருவருக்கும் தெரியும்.
என் வலது கை
அவ்வளவு வேகமாய் அதற்கு முன் போனதில்லை,
பின்னும் இல்லை.
அது போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் இல்லை.
அரை அடி இடப்புறம் இருந்தாள்,
ஏற்கெனவே அடித்து முடித்திருந்தாள்.

மூன்றுக்கு இரண்டு.
நடுவர் பிசகு என்று அம்மா இன்றும் சொல்வாள்.
பிசகில்லை.
நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்துக்குக் கீழே அடிக்கிறேன்:
ஆறு. நாகர்கோவில்.
எதிராளி விஜிலா, மார்த்தாண்டம்.

கிளீற்றஸ் திரையை எட்டிப் பார்க்கிறான்.
"எக்கா, அஞ்சுதானே? ஆரு இது விஜிலா?
கேள்விப்பட்ட பேரா இல்லியே."

"பழைய ஃபைல்ல கெடந்ததா இருக்கும்."

பின்னாலிருந்து அழிக்கிறேன்.
முதலில் 'ம்'மின் புள்ளி போகிறது,
பிறகு 'ம'.
ஊர் போக நேரமாகிறது,
பேர் அதைவிடச் சீக்கிரம்.

லேமினேஷனில் ஒரு காற்றுக்குமிழ்,
சரியாகக் கவுகாத்தியின் மேல்.
கட்டைவிரலால் அழுத்தினால்
பட்டியாலாவுக்கு நகர்கிறது.
"அது கெடக்கட்டும் எக்கா, பஸ்ஸு போயிரும். எவ்வளவு?"

இருநூற்றெழுபது.
முந்நூறு தருகிறான்.
முப்பதை எண்ணிக் கொடுக்கும்போது கேட்கிறேன்:
"அவ இப்பவும் இடப்பக்கந்தான் நகருவாளா?"

"ஆருக்குத் தெரியும்" என்கிறான்.
சூடு ஆறாத இருநூறு தாளையும்
மார்போடு அணைத்துக்கொண்டு
திங்கள்நகர் பஸ்ஸுக்கு ஓடுகிறான்.