மூன்றாம் நிரல்

உரும்பிராயில்
நாலு பங்குக்காரர் கிணறு.
இரண்டு பங்கு வெளிநாட்டில் இருக்கிறது.
மிச்ச இரண்டில்தான் எனக்கு வேலை.

திங்களும் வியாழனும் குலவீரசிங்கத்தின் முறை,
செவ்வாயும் வெள்ளியும் யோகமலரின் முறை.
இருவருக்கும் முந்திரிகைப் பந்தல்,
நடுவில் ஒரு கிளுவை வேலி.

வாய்க்கால் தலைப்பில் வாளியை வைத்து
நிரம்பும்வரை எண்ணுவேன்.
பதினைந்து லீற்றருக்கு மூன்றரை விநாடி.
மோட்டர் ஓடிய நேரத்தால் பெருக்கினால் நீல நீர்.
மாரி மழையில் கொடி குடித்தது பச்சை நீர்.
படிவத்தில் தண்ணீருக்கு நிறம் உண்டு.
கிணற்றை எட்டிப் பார்த்தால்
எல்லாம் என் முகத்தின் நிறம்.

கோண்டாவிலில் பழரசம் பிழிகிற கொட்டகையில்
எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள்:
"போத்தல் கழுவவே எவ்வளவு போகுது பாருங்கோ!"
அளந்தேன். போத்தலுக்கு நாலு லீற்றர்.
மற்ற எழுநூற்றுச் சொச்சமும்
சத்தமில்லாமல்
ஏற்கெனவே செம்மண்ணுக்குள் போயிருந்தது.

ஒரு கிலோ பழத்துக்கு
யூரியா போட்ட பந்தலில் நானூற்றிருபது,
சாணியும் ஆட்டெருவும் போட்ட பந்தலில் ஐந்நூற்றெண்பது.
யோகமலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அப்ப நான்தான் கூடக் குடிக்கிறனோ?"
உங்களுக்குக் காய்ப்புக் குறைவு, அக்கா,
அதே தண்ணீரைக் குறைந்த பழம் பங்கிட வேண்டியிருக்கு
என்று சொல்ல மனம் வரவில்லை.
சொன்னேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் குலவீரசிங்கம்
மருந்துத் தாங்கியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

மூன்றாம் நிரல் சாம்பல்.
வேருக்குத் தப்பிக் கீழே இறங்கிய நைத்திரேற்றை
எல்லைக்குள் கரைக்க
எவ்வளவு நல்ல தண்ணீர் வேண்டும் என்ற கணக்கு.
அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலும் இல்லை,
கணக்கில் மட்டும் ஊறும்.
மண்ணில் முதலில் இருந்த அளவு தெரியாவிட்டால்
பூச்சியம் என்று வை என்றது கைநூல்.
வைத்தேன்.
குலவீரசிங்கத்துக்கு இருநூற்றுப் பத்து.
யோகமலருக்கு முப்பத்தைந்து,
ஆட்டெருவும் சும்மா கிடப்பதில்லை.
கூட்டினால்
அறுநூற்று முப்பது, அறுநூற்றுப் பதினைந்து.
வித்தியாசம் ஒரு வாளி.
இந்த முறை சிரிப்பு வேலிக்கு இந்தப் பக்கம்.

பிறகு ஆய்வுகூடத்திலிருந்து கிணற்றின் மாதிரி வந்தது.
எல்லை ஐம்பது. கிணறு அறுபத்திரண்டு.
பூச்சியத்தை அழித்துவிட்டு
உள்ளதை உள்ளபடி வைத்துக் கழித்தேன்.
சய பன்னிரண்டு.
அதால் எதை வகுக்க?
இந்தத் தண்ணீரைக் கழுவ
இந்தத் தண்ணீரால் ஏலாது,
எவ்வளவு இறைத்தாலும்.

யாருடைய அறுபத்திரண்டு அது?
வேலி நிலத்துக்கு மேலே நாலடி உயரம்.
கீழே சுண்ணாம்புக் கல், பொந்தும் புழையும்.
உறுதியில் நாலில் ஒன்று என்று இருக்கிறது,
நாலில் எந்த ஒன்று என்று இல்லை.
ஏழு வருடமாய் யோகமலர் யூரியாவைத் தொட்டதில்லை.
செவ்வாயும் வெள்ளியும்
அது அவர் வாய்க்கால் வழியே
காசு கேட்காமல் வந்து பாய்கிறது.

படிவத்தில் இதற்கு நிரல் கிடையாது.
"குறிப்புகள்" என்ற இடத்தில்
ஒன்றரை அங்குலம் விட்டிருந்தார்கள்.
பேனையை மூடினேன்.

"அக்கா, விடாய்க்குது, கொஞ்சம் தண்ணி."
அவர் கிணற்றைப் பார்த்தார், பிறகு என்னை.
"குடிக்கிற கான் முடிஞ்சு போச்சு தங்கச்சி,
பவுசர் நாளைக்குத்தான்.
யூஸ் கிடக்கு, குடியும்."

ஒரு தம்ளர்.
கிட்டத்தட்ட இருநூறு லீற்றரை
நின்ற நிலையில் குடித்து முடித்து
வாயைத் துடைத்தேன்.
இனிப்பாகத்தான் இருந்தது.

தம்ளரைக் கழுவ
அவர் கிணற்றடிக்குப் போனார்.