நடுக்கோடு

ஜனவரி, இரண்டாவது ஞாயிறு, ஊஸ்ட்கா மீன்துறை.
பனி பெய்யவில்லை. அதைவிட மோசம்:
பால்டிக் கடல் பொடிப்பொடியாய்
காற்றில் வந்துகொண்டிருந்தது.
மீன் கழுவிய தண்ணீர் சிமென்ட் தரையில்
பாதி உறைந்து, பாதி நாறிக் கிடந்தது.

ஹல்ஷ்காவிடம் தொலைநோக்கி.
லுடோமிரிடம் படிவம், பென்சில்;
இந்தக் குளிரில் பேனா எழுதாது.
என்னிடம் பார்லிக் காப்பிக் குடுவை.
படிவத்தில் இரண்டே கட்டம்:
வெள்ளிக் கடற்காகம், வெண்தலைக் கடற்காகம்.
(உப்பில் ஊறி வெளுத்த இதையும்
காகம் என்றே அழைக்கும் என் மொழியை
அன்று யாரும் கலந்து பேசவில்லை.)

முதிர்ந்தவற்றில் சிக்கலில்லை.
கடன் கொடுத்தவனின் மஞ்சள் முறைப்பு,
தடித்த அலகு, தலையெல்லாம் பழுப்புக் கீற்று:
வெள்ளி.
சின்னக் கருங்கண், நெட்டைக் கால்,
சலவைக்குப் போய் வந்த முகம்:
வெண்தலை.
இருநூற்றுப் பன்னிரண்டு. நாற்பத்தேழு.
பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிற்று.

அப்போதுதான் ஐஸ் கிடங்குக் கூரையில் அது.
இரண்டாம் குளிர்காலத்து உடம்பு.
பழைய பழுப்பு இன்னும் காலி செய்யவில்லை,
புதிய சாம்பல் சாமான் இறக்கத் தொடங்கிவிட்டது.

"காலைப் பார், எவ்வளவு நீளம். வெண்தலை."
"அலகைப் பார். கட்டை. வெள்ளி."
"பிடரியில் பொட்டுப் பொட்டாய்ச் சால்வை!"
"அது அழுக்கு."
பதினாறு வருடமாகச் சேர்ந்து எண்ணுகிறவர்கள்.
குடுவையை நீட்டினேன்.
இருவரும் வாங்கவில்லை.

அது சோம்பலாய் இறக்கை விரித்தது.
மூச்சடக்கி மூவரும்
கடைசி இறகைப் படித்தோம்:
கறுப்புக்குள் நீளும் வெளிறிய நாக்கு
அவள் சொன்ன அளவுக்கு நீளமில்லை,
அவர் சொன்ன அளவுக்குக் குட்டையுமில்லை.

காலில் மஞ்சள் வளையம், நான்கு எழுத்து.
வளையம் மாட்டியவரைத் தொலைபேசியில் பிடித்தாள் ஹல்ஷ்கா.
அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டது.
"சரளைக் குழி ஏரித் தீவு. குஞ்சாய் இருந்தபோது மாட்டினேன்.
அங்கே இரண்டு சாதியும் கூடு கட்டும்.
யாரோடு யார் என்று
நான் விசாரிப்பதில்லை."

கூரையில் அது
காட் மீன் தலையொன்றை
வேறொருத்தியிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது.
வெற்றிக் கூச்சல் ஆட்டுக் கனைப்பில் தொடங்கி
நாய்க்குரைப்பில் முடிந்தது.
ஹல்ஷ்கா சிரித்துவிட்டாள். காப்பி கேட்டாள்.

லுடோமிர் பென்சில் முனையை நாக்கில் தொட்டு
இரண்டு கட்டங்களுக்கும் இடையே
அச்சடித்திருந்த செங்குத்துக் கோட்டின் மேலேயே
ஒன்று என்று எழுதினார்.

"எழுதியாச்சா?"
"எழுதியாச்சு."

ஒன்று என்பதும் ஒரு கோடுதானே.
கையெடுத்ததும் எண்ணைக் காணோம்.
ஓரிடத்தில் மட்டும் கோடு
சற்றே தடித்திருந்தது.