கழுத்துக்கு மேலே

தரங்கம்பாடிக் கோட்டையிலிருந்து
ஜெசிந்தா மேடம் கொண்டுவந்தார்
செப்புத் தகட்டில் அச்சிட்ட ஒரு கவர்னரை,
இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில்.
ஆபீஸ் ஸ்கேனர் ரிப்பேராம்.
"ஒரே தடவைதான் தம்பி,
வெளிச்சம் இவருக்கு ஆகாது."

பொறையாறு பேருந்து நிலையத்துக்கு எதிரே
என் ஃப்ளெக்ஸ் கடை.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, வருக வருக:
எல்லாம் ஒரே மெஷின்.

கண்ணாடிமேல் கவிழ்த்தேன்.
திரையில் நிமிர்ந்தார்.
மடிப்பு மடிப்பாய் ஒரு சீலை,
எந்தக் கூரையையும் தாங்காத தூண்,
சண்டைக்குப் போகாத இரும்புச் சட்டை,
அதன்மேல் இடியாப்பம் பிழிந்தாற்போல் லேஸ்.
தோளில் புரளும் முடி அவருடையதல்ல.
நீள்வட்டச் சட்டத்துக்குள்தான் நிற்கிறார்,
முழங்கை மட்டும் வெளியே வந்து
நம் இடத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.
கண்கள் நம்மைப் பார்க்கவில்லை.
நமக்குப் பின்னால் நிற்கும் யாரையோ
போகச் சொல்கின்றன.

பெரிதாக்கினேன்.
நானூறு, எண்ணூறு சதவீதம்.
கன்னம் கரைந்து கோடாயிற்று.
மெஷின் நட்ட நாற்று வரிசைபோல்
தடித்து, மெலிந்து, வளைந்து;
வரிசைகள் வெட்டும் கட்டத்துக்குள்
ஆளுக்கொரு புள்ளி.
அவ்வளவு கிட்டத்தில் கவர்னர் எங்குமில்லை.

அப்போதுதான் பட்டது
காலருக்கு மேலே, சுரண்டியும் போகாத
இன்னொரு காதின் விளிம்பு.

பழைய ஆள்.
தலையை மட்டும் தேய்த்துவிட்டு
அதே இரும்பில், அதே தூணருகில்
புதியவரை ஏற்றியிருக்கிறான்.

சிரித்துவிட்டேன். மேடத்துக்குப் புரியவில்லை.
என் கணினியில் ஒரு ஃபோல்டர் உண்டு: 'பாடி'.
வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, தூக்கிய கை,
கழுத்துக்கு மேலே காலி.
ஆக்கூர் உத்திராபதி தோற்ற ராத்திரி
பதினொன்றரைக்கு வந்து நின்றார்
ஜெயித்த வீரசேகரனின் மச்சான்.
விடிவதற்குள் நாற்பதுக்கு இருபது.
உத்திராபதியின் தோள்மேல்
வீரசேகரனை வைத்தேன்.
உத்திராபதியின் மோதிரத்தோடு
ஒரு வாரம் பைபாஸில் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.
யாரும் கேட்கவில்லை,
உத்திராபதி உட்பட.

படத்தின் அடியில் எறும்பெழுத்து.
'செதுக்கியவன்' என்றுவரை வாசித்தார் மேடம்.
பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.
என் பேனரிலும் கீழ்மூலையில்
கடைப் பெயர், செல் நம்பர் இருக்கும்.
பந்தல்காரர் அதன்மேல்தான் கம்பு கட்டுவார்.

"எவ்வளவு?" என்றார்.
முப்பது ரூபாய்.
ஒரு ஆளுக்குத்தான் கணக்குப் போட்டேன்.