தொழில்: முட்டாள்

பீல் நகரத்து வேலைவாய்ப்பு அலுவலகம்,
மூன்றாம் மாடி.
இரண்டு மொழிக்கும் நடுவில் ஒரு நாற்காலி,
அதில் நான்.
மணிக்கணக்கில் கூலி.

முன்பு என்ன வேலை, கேட்டார் ஹெர் ஷ்டுக்கி.
யோகநாயகம் கம்பளித் தொப்பியைக் கழற்றி
முழங்காலில் வைத்துக்கொண்டார்.
"ஊரிலை பதினொரு வருசம் முட்டாளா நிண்டனான்."

நான் ஈரோட்டுக்காரி.
எனக்குத் தெரிந்த முட்டாள்களுக்குச் சம்பளம் கிடையாது.
மனிதர் நொந்து பேசுகிறார் என்று
குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஜெர்மனில் சொன்னேன்:
பதினொரு வருடம் அறிவில்லாமல் இருந்துவிட்டாராம்.

ஷ்டுக்கி நல்லவர். பேனாவை மூடினார்.
"நாம் எல்லோருமே," என்றார்.
"சரி, அதன் பிறகு?"

"பிறகும் அதுதான். நல்ல முட்டாள் எண்டு பேர்.
மேசன்மார் என்னைத்தான் கேட்டு வருவினம்."

மேசன்மார்.

எனக்குக் காது சுட்டது.
சித்தாள்! எங்கள் பக்கத்துச் சித்தாள்!
சாந்துச் சட்டி, செங்கல், தண்ணீர்க் குடம்,
சாரத்தில் நிற்பவர் கை நீட்டுமுன்
கல் அங்கே இருக்கவேண்டும்.
அந்த ஒரே வேலைக்கு
என் கரையில் சிறிய ஆள்,
கடல் தாண்டி அவர் கரையில் முட்டாள்,
முட்டுக் கொடுக்கிற ஆள் என்பதாலோ என்னவோ.
அகராதி புரட்ட அங்கே ஏது நேரம்.

தவறு என்னுடையது என்று ஷ்டுக்கியிடம் சொல்லி
ஹண்ட்லாங்கர் என்றேன்.
கை நீட்டித் தருகிறவர்.
கட்டடத்தில் அது வேலை.
செய்தித்தாளில் அதே சொல்
கொலைகாரனுக்குத் துணைபோனவன்.
ஷ்டுக்கியின் புருவம் எதை வாசித்ததோ, ஏறியது.
"கட்டடத்தில், கட்டடத்தில்" என்றேன் அவசரமாக.

நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது?
கையாள் என்று சொல்லிப் பாருங்கள்,
யாரோ ஒரு மந்திரி வீட்டுப் பின்வாசல் தெரியும்.
எடுபிடியில் இரண்டு ஏவல்தான் இருக்கிறது,
எடு, பிடி,
ஆளையே காணோம்.

யோகநாயகம் எங்கள் இருவர் வாயையும்
மாறி மாறிப் பார்த்தார்.
"என்ன சொன்னனீங்கள் முதலிலை?"
சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
"சாந்து தண்ணியாப் போச்செண்டால்
முட்டாளைத்தான் பேசுவினம் பிள்ளை,
மேசனை இல்லை."

பேசுதல் என்றால் அங்கே திட்டுதல்.
இது எனக்குத் தெரிந்திருந்தது.

"என்ன சொல்கிறார்?" ஷ்டுக்கி பேனாவைத் திறந்தார்.
சாந்துக்கு ஜெர்மனில் என்ன?
பதினான்கு வருடம் தெரிந்திருந்த சொல்,
அந்த நிமிடம் பார்த்து இல்லை.
வாய் திறந்தபடி
காற்றில் கையை நீட்டினேன்.

கேட்காமலே யோகநாயகம்
தன் தண்ணீர்க் குவளையை எடுத்து
அதில் வைத்தார்.