எழுபத்து மூன்றில் நின்ற பட்டை

மாதத்தின் மூன்றாம் சனி, பீல் நகரில்
பழைய மணிக்கூட்டுப் பட்டறைக்குள்
பழுது பார்க்கிற மேசைகள் போடுவோம்.
ரெட்டோவுக்கு டோஸ்டர்கள். எனக்கு மடிக்கணினிகள்,
யன்னலோரக் கதிரை, வெளியே
ஏரியைத் தின்றுவிட்ட பனிப்புகார்.

மதாம் ஏபி கொண்டுவந்தது ஒன்பது வயதுக்காரன்.
விண்டோஸ் கைகழுவிவிட்டது.
லினக்ஸ் போடலாமோ என்றேன்.
போடுங்கோ என்றா, கோட்டைக் கழற்றாமலே.

நிறுவி நான் எழுதினது.
உள்ளே நடக்கிற கூத்து சனத்தை மிரட்டும் என்று
ஒவ்வொரு வரியையும் அடியில்லாக் கிணற்றுக்குள் தள்ளி
மேலே ஒரு நீலப் பட்டை வரைந்திருந்தேன்,
கீழே இரண்டு மொழியில்
தயவுசெய்து பொறுத்திருக்கவும்.

பட்டை எழுபத்து மூன்றில் நின்றது.
கோப்பி ஆறியது.
ரெட்டோவின் டோஸ்டர் சிவந்து, பாண் வாசம் வந்து,
அவன் அடுத்ததையும் திறந்துவிட்டான்.
பட்டை எழுபத்து மூன்று.

"உயிரோடயா?"
"ஓம்."
"எப்படித் தெரியும்?"

காதை வைத்துப் பார்த்தேன். விசிறி சுற்றியது.
விசிறி சாட்சியாகாது,
உறைந்த பெட்டியிலும் அது சுற்றும்.
எழுபத்து மூன்றும் என் கற்பனைதான்:
போன நேரத்தை ஒரு குத்துமதிப்பால் வகுத்தது.

"ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்கிறவள் நான்," என்றா.
"இப்படியான நாளில் ரயில் பிந்தும் என்று மட்டும் சொன்னால்
மேடையில் நிற்கிறவன் கத்துவான்.
லீகெர்ஸ் தாண்டியது, ட்வான் தாண்டியது என்றால்
அதே இருபது நிமிஷம்,
வாய் திறக்கமாட்டான்."

நிறுத்தினேன். கோப்பைத் திறந்தேன்.
கிணற்றைக் காட்டிய அம்புக்குறியை அழித்தேன்.
அப்பவும் ஒன்றும் வரவில்லை. பிறகு
வாளி நிறைந்து கவிழ்ந்த மாதிரி
நாற்பது வரி ஒன்றாய்க் கொட்டி, மறுபடி மௌனம்.
குழாயின் குணம் அது,
நாலாயிரத்துச் சொச்சம் எழுத்துச் சேராமல் விடாது.
ஒரு சொல் சேர்த்தேன்: வரிக்கு வரி விடு.

ஓடத் தொடங்கியது.
பேர்ல் அவிழ்கிறது. பைதன் அவிழ்கிறது.
அச்சுப்பொறிக்கான ஏதோ ஒன்று அமைக்கப்படுகிறது.
மதாம் ஏபி கோட்டைக் கழற்றினா.
விளங்காத பெயர் ஒவ்வொன்றையும்
தன் மேடைக் குரலில் வாசித்தா,
ரெட்டோ திருப்புளியோடு திரும்பிப் பார்த்தான்.

பேந்து ஒரு வரியில் தடக்குப்பட்டா.
"ஃபொன்ட்ஸ்... தாமில்?"

அங்கேதான் நின்றிருக்கிறது பட்டை,
எழுத்துருக்களை எண்ணி அடுக்குகிற இடத்தில்.
பட்டியலில் அதைச் சேர்த்தது நான்,
ஒருத்தரும் கேட்காமல், இரண்டு வருஷமாய்,
இந்த மேசையில் உயிர்த்த ஐம்பத்தொரு பெட்டியிலும்.
காட்டாமல் ஓடியதால்
கேள்வியும் வந்ததில்லை.

முகம் சுட்டது. எடுத்துவிடட்டோ என்றேன்.
அவ திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"பேசாமல் இருங்கோ," என்றா,
"இப்பதான் ட்வான் தாண்டுது."